கனவென்று நினைத்து இறக்கிய பெட்டி

எனக்கு இருபத்து மூன்று வயதாக இருந்தபோது, நாள் முழுக்கச் சுயநினைவோடு இருப்பதற்குத் தீவிரமாகப் பயிற்சி எடுத்தேன். அதன் பலனாக ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு என் மாமனாரைக் கொல்லப் பார்த்தேன். (அவர் என் மாமனார் ஆகப்போகிறார் என்று அன்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வேலைக்கே வந்திருக்க மாட்டார்.)

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் வீடு, துறைமுகத்தில் வேலை. கப்பலின் மேல்தட்டில் நின்று கையசைக்கும் சிக்னல்காரன் நான். கப்பலின் வயிற்றில் இருக்கும் கிடங்கில் ஆட்கள் பெட்டிகளுக்குக் கயிறு கட்டுவார்கள். அவற்றைத் தூக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. கிடங்கின் விளிம்பில் நிற்கும் நான்தான் எட்டிப் பார்த்துக் கையால் சொல்ல வேண்டும். உள்ளங்கை வானம் பார்த்து அசைந்தால் தூக்கு. தரை பார்த்து அசைந்தால் இறக்கு.

எங்கள் விஞ்ச்காரர் வண்ணாரப்பேட்டை கரீம் பாய். "ஒன் கை சொன்னா இந்தக் கப்பலையே தூக்குவேன் நைனா. வாய் சொன்னா டீ கிளாசக்கூடத் தூக்க மாட்டேன்" என்பார். அந்தச் சத்தத்தில் வாயை நம்பி யாரும் வேலை செய்ய முடியாது.

என் பிரச்சினை பிலோமினா. கிடங்கு ஆட்களுக்குத் தலைவரான சூசை மேஸ்திரியின் மகள், பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான்கு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து அவளைப் பார்ப்பேன். ஒரு வார்த்தை பேச வராது. அதுகூடப் பரவாயில்லை, கனவிலும் வராது. கனவில் அவளே வந்து "இன்னா?" என்று கேட்பாள். நான் இடுப்பில் துண்டோடு, வார்த்தையை மென்றுகொண்டு நிற்பேன். சொந்தக் கனவில்கூடத் தைரியமில்லாதவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நடைபாதைக் கடையில், அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. கனவு காணும்போதே 'இது கனவு' என்று கண்டுபிடித்துவிடலாம், பிறகு பயமே கிடையாது, நினைத்ததைப் பேசலாம், பறக்கக்கூடச் செய்யலாம் என்றது அது. அதற்குப் பகலில் பழக வேண்டுமாம். அடிக்கடி 'நான் விழித்திருக்கிறேனா?' என்று கேட்டுக்கொண்டு, கையை முகத்துக்கு நேரே நீட்டி, முன்னும் பின்னும் திருப்பி விரல்களை எண்ண வேண்டும். கனவென்றால் எண்ணிக்கை தப்பும். வழக்கத்துக்கு மாறாக எதைக் கண்டாலும் அந்த நொடியே எண்ணிவிட வேண்டும்.

எண்ணினேன். பஸ்ஸில் எண்ணினேன், முடி வெட்டும் கடையில் எண்ணினேன், நற்கருணை வாங்க நாக்கை நீட்டும்போதும் எண்ணினேன். அம்மா, "எப்பப் பாத்தாலும் கையையே பாத்துகினு கீறியே, சொறி கிறி வந்துகீதா?" என்று வேப்பிலை அரைத்துப் பூசிவிட்டாள். இரண்டு வாரத்தில், நான் நினைக்காமலே கை எழும்பத் தொடங்கியது. கனவில் மட்டும் ஒரு நாளும் எழும்பவில்லை.

வேலை நேரத்தில் எண்ணுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். (அந்த அளவுக்கு முட்டாள் இல்லை என்று என்னைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது.)

அந்தப் புதன்கிழமை, மணலியில் ஒரு தொழிற்சாலைக்கு வந்த இயந்திரப் பெட்டிகளைக் கிடங்கிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் ஒரு மாட்டு வண்டி அளவு. கீழே சூசை மேஸ்திரியும் ஐந்து பேரும். ஒரு பெட்டி பாதி உயரம் ஏறியிருந்தது. தொங்கும் பெட்டிக்கு அடியில் நிற்கக் கூடாது என்பது விதி. ஆனால் மேலே ஏறுகிற பெட்டி மேலேதான் போகும் என்று நம்பி, அவர்கள் அடுத்த பெட்டிக்குக் கயிறு கட்டக் குனிந்துவிட்டார்கள்.

கரைப்பக்கம் ஏதோ கலகலப்பு. திரும்பிப் பார்த்தேன். லாரிகளுக்கு நடுவே, நீலப் பாவாடையும் சிவப்பு ரிப்பனுமாக நாற்பது சிறுமிகள் கைகோர்த்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், வெள்ளைக் குடை பிடித்து, பிலோமினா!

பள்ளியிலிருந்து கப்பல் காட்ட அழைத்து வந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த நொடியில், பெண்களையே பார்க்க முடியாத அந்த இடத்தில், அது கனவைத் தவிர வேறு எதுவாகவும் எனக்குத் தோன்றவில்லை.

கை தானாக எழும்பியது. புறங்கை, உள்ளங்கை, மறுபடி புறங்கை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. திரும்ப எண்ணினேன். ஆறு. (பெட்டிகளில் குறி போடும் சாக்பீஸ் விரல்களுக்கு நடுவே இருந்தது. அதற்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறேன்.)

என் கை திரும்பத் திரும்ப, பின்னால் பெட்டி ஏறியது, இறங்கியது, ஏறியது.

"டேய், மேலயா கீழயா? ஒண்ண சொல்லுடா!" என்று கரீம் பாய் அலறினார்.

"எவன்டா மேல? பொட்டி ஊஞ்சல் ஆடிகினு கீது!" என்றது கிடங்கிலிருந்து மேஸ்திரியின் குரல்.

எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. கனவில் அப்படித்தானே கேட்கும்! எனக்கு ஒரே ஆனந்தம். கிடங்கைச் சுற்றியிருந்த இரும்பு விளிம்பின்மேல் ஏறி நின்றேன். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து, எல்லோரும் ஆளைக் கூப்பிடுவதுபோல் அவளைக் கூப்பிட்டேன்.

"பிலோமினா! வா! ஒன்னத்தான் கட்டிக்கப் போறேன்! ஒங்கப்பனுக்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன்!"

கரீம் பாய்க்குத் தெரிந்தது கை மட்டும்தான். இறக்கு, இறக்கு, இறக்கு என்றது கை. அவர் இறக்கினார்.

"ஓடுங்கடா!" என்று கீழே ஓர் அலறல். அடுத்து இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். கப்பலே அதிர்ந்தது. நானோ, அவளிடம் பறந்து போவதற்காக ஒரு காலைக் காற்றில் தூக்கியிருந்தேன். கரீம் பாய் விஞ்சை நிறுத்திவிட்டு ஓடி வந்து, என் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளி, ஓர் அறை விட்டார். காது கொய்ங் என்றது. வலித்தது. நன்றாகவே வலித்தது.

சாக்பீஸ் கீழே விழுந்து உருண்டது. கையைப் பார்த்தேன். ஐந்து.

விளிம்புக்குத் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன். ஒரே புழுதி. உடைந்த பலகைகளுக்கு நடுவே ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். ஐந்து பேர்தான் இருந்தார்கள். பெட்டிக்கு அடியில் மேஸ்திரியின் சிவப்புத் தலைத்துண்டு நசுங்கிக் கிடந்தது. கரையிலிருந்து "அப்பா!" என்று பிலோமினா கத்தியது கேட்டது. இது கனவாக இருந்துவிடக் கூடாதா என்று, என் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே கேட்டேன். மாதாவே, எனக்கு எத்தனை விரல் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று வேண்டினேன்.

பெட்டிக்குப் பின்னாலிருந்து இருமல் சத்தம் வந்தது. சூசை மேஸ்திரி ஊர்ந்து வெளியே வந்தார். கணுக்கால் பிசகியதைத் தவிர ஒன்றுமில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பொட்டிய அப்பால தூக்கிக்கலாம்" என்றார், நிதானமாக. "மொதல்ல அவனத் தூக்கிக் கடல்ல போடுங்கடா."

விசாரணையில் நடந்ததை அப்படியே சொன்னேன். அதிகாரி பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். அன்றோடு கப்பலில் ஏறும் வேலை போயிற்று. கரையில் மூட்டை எண்ணும் வேலை கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தூணுக்குப் பின்னால் பதுங்கி வெளியேறப் பார்த்தேன். பிலோமினா நேராக வந்து வழிமறித்தாள்.

"கப்பல் மேல நின்னு கத்தினீங்களே, அது கனவுன்னு நெனச்சிதான?"

"ஆமா."

"எங்கப்பாரு நொண்டிகினு கீறாரு. புள்ளைங்க என்ன 'பொட்டி டீச்சர்'னு கூப்புடுதுங்க. இவ்ளோ பேஜாரு ஆகிப்போச்சி." மூச்சு விட்டுக்கொண்டாள். "அதயே முழிச்சிகினு கீறப்போ ஒரு தபா சொல்லுங்க. அப்பால பாக்கலாம்."

கை எழும்பப் பார்த்தது. அதைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. அவள் சிரித்ததுதான் நினைவிருக்கிறது.

மேஸ்திரி சம்மதிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. சம்மதித்தாலும் பயம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. நான் இருக்கும் இடத்தில் உட்காருவதற்கு முன், ஒருமுறை தலையைத் தூக்கி மேலே பார்ப்பார். விசிறி ஓடினால் நிறுத்தச் சொல்வார். கடைசிவரை அப்படித்தான். அவரைப் பார்த்து என் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். நாற்காலியைக் கண்டால் முதலில் கூரையைப் பார்ப்பது எங்கள் குடும்பத்துக்கே வழக்கமாகிவிட்டது.

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, நாங்கள் எல்லோரும் உட்காரும் முன் ஒன்றாக அண்ணாந்து பார்த்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, ஏதோ எங்கள் வீட்டு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, அவர்களும் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.