கழட்டு சேர்த்த ஒரே சுருள்

வாங்கிவந்த பொருளில் பாதியைக் கழட்டி எறிந்த பிறகே நிம்மதியாகத் தூங்குகிற மனிதன் உலகத்தில் ஒருவன்தான் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் அவன் திருப்பதியில், எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில், என் அறையிலேயே இருந்தான். கார்வேட்டிநகரத்துக்காரன். வீட்டில் வைத்த பெயர் வார்டனுக்கே மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவன் கழட்டு.

அவன் சைக்கிளில் மணி, மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எதுவும் கிடையாது. மழையில் வந்தால் பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரு சேற்றுக்கோடு இருக்கும். மட்கார்டு போடச் சொன்னால், "எப்படியும் சட்டைய தொவைக்கத்தானே போறேன், அது இன்னாத்துக்கு?" என்பான். அறையின் மின்விசிறியில் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு ஒயரை நேராகக் கொடுத்தான். அதன்பின் விசிறி ஓடினால் மேஜைமேல் காகிதம் தங்காது. ஒருநாள் மெஸ் சமையல்காரரிடம் பேசிப் பேசியே சாம்பாரில் புளியையும் பெருங்காயத்தையும் நிறுத்த வைத்தான். ஹாஸ்டலே தட்டைத் தூக்கிக்கொண்டு அவனைத் தேடியது. அவனோ மூலையில் உட்கார்ந்து அந்தப் பருப்புத் தண்ணீரை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

கடைசி வருட பிராஜெக்டில் என்னை இவனோடு சேர்த்துவிட்டார்கள். பேசும் குரலை ஒன்றும் பூஜ்ஜியமுமாக மாற்றி, ரேடியோ அலையில் லேபிலிருந்து மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஹாஸ்டலுக்கு அனுப்ப வேண்டும். டிஜிட்டல் என்றால் கைக்கடிகாரம் என்று எங்கள் ஊரில் நினைத்துக்கொண்டிருந்த காலம். சித்தூரில் என் நைனா எனக்காக பெங்களூரில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். பிராஜெக்ட் தேறாவிட்டால் அந்த வேலை இல்லை.

குரல் போனது. கூடவே இரைச்சலும் போனது. குரலின் ஏற்ற இறக்கத்தை நொடிக்கு நொடி அளந்து, எங்களிடம் இருந்த சில படிகளில் ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. சரியாக உட்காராமல் மிஞ்சுகிற பிசகெல்லாம் காதில் இரைச்சலாகக் கேட்கும். வேர்க்கடலையைச் சூடான மணலில் போட்டு வறுக்கிற சத்தம்.

புரொபசர் படிகளை அதிகமாக்கச் சொன்னார். நான் சேர்த்தேன். ஃபில்டர் போடச் சொன்னார். போட்டேன். பெட்டி டிரங்குப் பெட்டி அளவுக்கு வளர்ந்தது. கடலை மட்டும் வறுபட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னாடா இது, சீர்வரிசை தூக்கிக்கினு போறியா?" என்றான் கழட்டு.

மறுநாள் நான் லேபுக்குப் போனபோது என் பெட்டி இல்லை. நான் சேர்த்ததெல்லாம் மேஜையில் குவியலாகக் கிடந்தது. கழட்டு ஒரு சோப்பு டப்பாவுக்குள் எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"கோச்சிக்காதடா. மெஸ்ல சாதம் போடறவர் கைல ஒரே கரண்டிதானே? போட்டா முழு கரண்டி, இல்லாட்டி ஒண்ணுமில்ல. போன வாட்டி ஜாஸ்தி வுழுந்திச்சா, அத மனசுல வெச்சிக்கினு இந்த வாட்டி வுட்டுடு. கொறஞ்சிச்சா, போடு. வேகமா போட்டுக்கினே இருந்தா துன்றவனுக்கு சரியாப் பூடும்."

அவ்வளவுதான் விஷயம். படிகள் இரண்டே இரண்டு. ஆனால் மிக வேகமாக அளக்க வேண்டும், ஒவ்வொரு பிசகையும் அடுத்த அளவில் சேர்த்துவிட வேண்டும். இரைச்சல் காதுக்கு எட்டாத உச்சிக்கு ஏறிவிடும். மிச்சத்தைக் கேட்கிற பக்கத்தில் ஒரு சின்ன கெபாசிட்டர் விழுங்கிவிடும்.

போட்டுப் பார்த்தோம். கடலை வறுபடவில்லை. நான் அவனைத் தூக்கிச் சுற்றினேன்.

அதே நேரம் ஹாஸ்டலிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்த அத்தனை ரேடியோவிலும் கடலை வறுபட்டது. வார்டன் கையில் டிரான்சிஸ்டரோடு மைதானத்தைத் தாண்டி ஓடிவந்தார்.

"ஏமிட்ரா ஈ கோல!" என்னடா இந்தக் கூச்சல் என்று தெலுங்கில் கத்தினார்.

கழட்டு அதற்குள் மறுபடி மைக்கைப் பிடித்திருந்தான். அவர் கையிலிருந்த டிரான்சிஸ்டர், கழட்டின் குரலில் "ஹலோ, ஹலோ" என்றது.

அலை தன் பாதையை விட்டு வழியாமல் தடுக்க, டிரான்ஸ்மிட்டரின் கடைசியில் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். கழட்டு அதையும் கழட்டியிருந்தான். எங்கள் காதைவிட்டுப் போன இரைச்சல் ஊரார் காதில் போய் உட்கார்ந்தது. சுருளைப் போடாவிட்டால் பரீட்சைக்கு வரவேண்டாம் என்று புரொபசர் சொல்லிவிட்டார்.

கழட்டு அன்று சாப்பிடவில்லை. "சேக்கணுமாடா?" என்று, காலை எடுக்கச் சொன்ன டாக்டரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். பிறகு பேனா மூடியில் கம்பியைச் சுற்றினான். சுற்றியதில் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டே வந்தான். இனி ஒரு சுற்று குறைந்தாலும் வார்டன் ஓடிவருவார் என்ற இடத்தில்தான் நிறுத்தினான்.

பரீட்சையன்று வெளியூர் எக்ஸாமினரோடு நான் ஹாஸ்டல் வராந்தாவில் நின்றேன். கழட்டு லேபில்.

"வணக்கம் சார்" என்றது எங்கள் ரிசீவர் பெட்டி. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

எக்ஸாமினர் பெட்டியைத் தட்டினார். "என்னப்பா, நின்னு போச்சா?"

"இல்ல சார். அவன் பேசல, அவ்ளோதான்."

நம்பாமல் காதை வைத்தார். அந்த அமைதிக்குள் லேப் ஜன்னலில் ஒரு காக்கை கத்தியது. கழட்டு மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. எக்ஸாமினர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவன் பேசினான்.

"சார், அங்க நிக்கிறானே, அவன் எல்லாத்தையும் கட்டி வெச்சதாலதான் இன்னா வாணாம்னு எனக்குத் தெரிஞ்சிது. மார்க்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போடுங்க."

எக்ஸாமினர் சிரித்துவிட்டார். ஒன்றாகவே போட்டார்.

ஹாஸ்டலைக் காலி செய்த அன்று காலை திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவன் புத்தூர் வழி கார்வேட்டிநகரம் பஸ்ஸில் ஏறினான். நான் சித்தூர் பஸ்ஸில். 'போய் வருகிறேன்' என்றுகூட அவன் சொல்லவில்லை. அவனிடம் நானும் எதிர்பார்க்கவில்லை. அவன் ஏறிய பஸ் கேட்டைத் தாண்டித் திரும்பும்போது, அவன் படியிலிருந்து குதித்து ஓடிவந்தான். என் ஜன்னலுக்குள் கையைவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா?" என்றேன்.

"சும்மாதான்" என்றான்.

கார்வேட்டிநகரத்துக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான். அது அவனுக்குத் தெரியும்.