கன்னடத்தில் நடந்த பேரம்

இந்த வருஷம் ஒரு பழைய யெஸ்டி பைக்கை வாங்கியே தீருவது என்று கமலக்கண்ணன் சபதம் எடுத்தான். நான்காவது வருஷமாக எடுக்கிறான்.

முதல் வருஷம் இருபதாயிரம் சொன்னார்கள். மனைவி ரஞ்சிதா, "ஆடித் தள்ளுபடி வரட்டுங்க" என்றாள். ஆடி வந்தது, தள்ளுபடி வரவில்லை, விலை முப்பத்தைந்தானது. அடுத்த வருஷம் அறுபது. அவனுடைய ஃபேக்டரிச் சம்பளம் நொண்டியடித்து ஏற, யெஸ்டி விலை டாப் கியரில் போனது. சனிக்கிழமையானால் பெங்களூர் ஆட்கள் ஓசூர்ப் பக்கம் வந்து, கொட்டகையில் கோழி அடைகாக்கும் வண்டியைக்கூட, கோழியை இறக்கிவிட்டு வாங்கிப் போனார்கள்.

அப்போதுதான் கூட வேலை பார்க்கும் ஆஞ்சப்பன் வயிற்றில் பாலை வார்த்தான்.

"எங்க ஜவளகிரி வீட்ல ஒரு யெஸ்டி சும்மா நிக்குது சார். எம்பொண்டாட்டி ஜோதியம்மாளுக்கு அவங்கப்பா குடுத்தது. நாப்பத்தஞ்சு குடுத்தா போதுங்கறா. அவகிட்டயே பேசிக்குங்க. ஆனா, அவளுக்குக் கன்னடம்தான் வரும்."

கமலக்கண்ணன் சிவகங்கைக்காரன். ஓசூர் வந்த பதினைந்து வருஷத்தில் அவன் கற்ற கன்னடம் 'கொத்தில்லா', அதாவது 'தெரியாது', ஒன்றுதான். ரஞ்சிதாவோ ஓசூரிலேயே பிறந்தவள். மூன்று மொழியில் சண்டை போடுவாள். சொசைட்டியில் லோன் போட்டு, பணத்தை அவள் கைப்பையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை அவளையும் பஸ் ஏற்றினான்.

"வண்டியப் பாத்து வாயப் பொளக்காதீங்க. பேச்சை எங்கிட்ட விடுங்க" என்றாள். இப்படி ஒரு மனைவியா என்று அவனுக்குக் கண் கலங்கியது.

ஜவளகிரியில் வண்டியைப் பார்த்ததும் வாய் தானாகப் பிளந்தது. பெண்கள் இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். நடுநடுவே அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?"

"ஒன்றரை லட்சமாம்."

"ஆஞ்சப்பன் நாப்பத்தஞ்சுன்னானே!"

"மார்க்கெட் விலை தெரிஞ்சுபோச்சாம்."

"எவன் சொன்னான்?"

"யாரோ விவரம் தெரிஞ்சவங்க."

"அப்புறம் எதுக்குச் சிரிச்சீங்க?"

"சோகத்தை வெளிய காட்டிக்கக் கூடாதுல்ல?"

கமலக்கண்ணன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தான். இனி ஜென்மத்தில் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது.

"சரி, அழாதீங்க. நாப்பத்தஞ்சுக்குள்ள எதுனா முடியுமான்னு கேக்கறேன்."

"எப்படியாச்சும் முடி தாயே!"

பத்து நிமிஷத்தில் வந்தாள். "முடிச்சிட்டேன். பணமும் குடுத்தாச்சு."

கமலக்கண்ணன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, சாவிக்குக் கை நீட்டினான். ஜோதியம்மாள் அவன் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தாள். கயிற்றின் அந்தப் பக்கம் ஒரு பசு நின்றது.

"என்னடி இது?"

"பசு. வேளைக்கு எட்டு லிட்டர் கறக்குமாம்."

"நான் கேட்டது வண்டி!"

"எதுனா முடின்னுதானே சொன்னீங்க? அது லிட்டர் லிட்டரா குடிக்கும், இது லிட்டர் லிட்டரா குடுக்கும். பக்கத்து மனை காலியாத்தானே கெடக்கு."

"வண்டின்னா நான் உதைச்சு ஸ்டார்ட் பண்ணியிருப்பேன்டி!"

"இது உங்கள உதைக்கும். உதை ஒண்ணுதானே?"

ஜோதியம்மாளிடம் நியாயம் கேட்கத் திரும்பினான். வாயில் வந்தது 'கொத்தில்லா' மட்டும்தான். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஓசூர் வரை மினி லாரியில் பசு அவன் கழுத்தை நக்கிக்கொண்டே வந்தது.

மறுநாள் ஃபேக்டரியில் ஆஞ்சப்பன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க புண்ணியம் சார்! எம்பொண்டாட்டி நாப்பத்தஞ்சுக்கே தள்ளிவிட இருந்தா. உங்க வீட்டம்மாதான், ஒன்றரைக்குக் கொறஞ்சா யாருக்கும் விட்டுடாதேன்னு சொல்லி, உங்க போன்லேர்ந்த, பழைய வண்டி வாங்கற பெங்களூர் ஆள் நம்பரையும் குடுத்துட்டுப் போனாங்களாம். சாயங்காலமே வந்து எடுத்துட்டுப் போயிட்டான்."

கமலக்கண்ணன் பக்கத்து மெஷினைப் பிடித்துக்கொண்டான்.

"அதுக்குக் கமிஷனா ஒரு கிடாரிக்கன்னு பேசியிருக்காங்க சார். ஷிப்ட் முடிஞ்சதும் வந்து ஓட்டிட்டுப் போயிடுங்க."