அக்கா மினுக்கிய செப்புக்காசு

வரலாற்றுத் திகதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களிடம் எந்தப் பொருளையும் நம்பிக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு நாளைக்கு என்ன நாள் என்பது தெரியாது. என்னை வைத்தே சொல்கிறேன்.

2006இல் பழைய அமெரிக்க ஒரு சதக் காசுகள்மீது எனக்குப் பைத்தியம் முற்றியிருந்தது. அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சுகளைக் கையால் செதுக்கினார்கள். அதனால் ஒரே ஆண்டுக் காசிலும் அச்சுக்கு அச்சு பொறித்த மாலையில் ஓர் இலை தள்ளி நிற்கும், பெண் தலையில் ஒரு முடிக்கற்றை வேறுவிதமாக வளையும். பூதக்கண்ணாடியோடு அதைத் தேடுவதுதான் என் பொழுதுபோக்கு. (மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள்.)

என்னுடைய 1794ஆம் ஆண்டுக் காசு ஓர் அபூர்வ அச்சு என்று எங்கள் நாணயச் சங்கத்தில் ஓயாமல் அளந்துகொண்டிருந்தேன். பிரெஞ்சு மட்டும் பேசும் மூத்த உறுப்பினர் ரெஜானுக்குப் பொறுக்கவில்லை. தன் 1794 காசை நீட்டி, "கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தா" என்றார். கீறலில்லாத, தேன் நிறக் காசு. இருநூறு ஆண்டுகளில் செம்பில் தானாக ஊறிய அந்த நிறத்துக்காகத்தான் சேகரிப்பாளர்கள் உயிரை விடுவார்கள்.

லாசால் பகுதியிலிருந்த என் வீட்டுக்கு வந்ததும் என் காசை மேசை லாச்சிக்குள் போட்டேன். ரெஜானுடையது இரவல் பொருள் அல்லவா? அதற்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும். கடதாசியில் சுற்றி, சாமித்தட்டில் குத்துவிளக்கின் அடியில் வைத்தேன். அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள்.

சனிக்கிழமை தைப்பொங்கல். எனக்கு மட்டும் அது தெரியாது.

வெள்ளி மாலை வேலையால் வந்தபோது, சமையலுக்கு உதவ நகரின் மறுபக்கம் செயின்ட்-மிஷேலிலிருந்து வந்திருந்த அக்கா குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுக்குக் கீழை ஒரு காசு..."

"ஓம், கிடந்தது. ஒரே களிம்பு. விளக்கோடை சேர்த்துப் புளி போட்டு மினுக்கிப்போட்டன். பார், பவுன் மாதிரி!"

உண்மையிலேயே பவுன் மாதிரித்தான் இருந்தது. கதிரையில் விழுந்தேன்.

"ஐயோ அக்கா, அது இருநூறு வருசத்து நிறம்!"

"இருநூறு வருசமா ஒருத்தரும் துடைக்கேல்லையோ? அமெரிக்காவிலை பொங்கலுக்கு முதல் நாள் என்னதான் செய்தவை?"

"இஞ்சேருங்கோ, கத்தாதேங்கோ" என்றாள் மனைவி. "சாமித்தட்டிலை வைச்சது நீங்கள்தானே?"

ஞாயிற்றுக்கிழமை ரெஜானிடம் இரண்டு காசுகளையும் கொடுத்தேன். புளிக்குப் பிரெஞ்சுச் சொல் வாயில் வராமல், ஒரு புளிப்பான பழம் என்று விளக்கினேன்.

"காசைப் பழத்தால் கழுவினாயா?"

"சாமிக்காக" என்றேன். அது நிலைமையை மேலும் மோசமாக்கியது.

அவர் நெடுநேரம் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு, "இரண்டும் ஒரே அச்சு. உன்னுடையது அபூர்வமே இல்லை" என்றார். "அதனால் மாற்றி எடுத்துக்கொள்வதில் எனக்குக் கவலையும் இல்லை." என் காசைத் தன் சட்டைப்பைக்குள் போட்டார். மினுங்கியதை என் கையில் வைத்தார். ஒரே நாளில் காசும் போச்சு, பெருமையும் போச்சு. அதன்பின் சங்கத்தில் ஒருவரும் எனக்குக் காட்டுவதற்குக்கூடக் காசு தந்ததில்லை.

இப்போது என் தலையில் முடி கொட்டி உச்சி பளபளக்கிறது. கலியாண வீடுகளில் சொந்தக்காரர் கூடியதும் அக்கா அதைக் காட்டி உரத்துச் சொல்வாள்:

"ஆணையாச் சொல்லுறன், இதிலை நான் கை வைக்கேல்லை. இது தானா மினுங்கினது!"