கால்கவச உபகுழு கண்ட வெற்றி

உலகத்தின் மற்ற நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரைகளில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். பிறந்துவிட்டுப் போகட்டும். எங்கள் டன்ஃபீல்டின் நாகரிகம் ஒரு ஜோடி கால்கவசத்துக்குள் பிறந்தது, அங்கேயே வளர்ந்தது, அங்கேயே கொஞ்சம் பூஞ்சையும் பிடித்தது. சஸ்காச்சுவன் சமவெளியில் கோதுமையும் பனியும் தவிர உங்களிடம் என்ன இருக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். வயிற்றெரிச்சல். எங்களிடம் ஒரு உபகுழு இருக்கிறது.

அதன் முழுப்பெயர் 'டன்ஃபீல்ட் கரடிகள் மகளிர் ஐஸ் ஹாக்கிக் கழகக் கோல்கீப்பர் கால்கவச வடிவமைப்பு மற்றும் பராமரிப்பு உபகுழு.' பெயரை வாசித்து முடிப்பதற்குள் ஆறிவிடுவதால், கூட்டங்களில் நாங்கள் சூடான காபி குடித்ததே இல்லை. தலைவர் ஏர்ல் ஹோகன்ஸன், இன்ஷூரன்ஸ் முகவர். அவருடைய வலது கை டோரதியா லாஸ்கோ அம்மையார், ஊரின் ஒரே இறுதிச்சடங்கு இல்லத்தை நடத்துபவர். அணியின் பயிற்சியாளரும் ஊர்ப் பல் மருத்துவரும் மற்ற இரண்டு உறுப்பினர்கள். நான் செயலாளர். எனக்கு ஓட்டுரிமை கிடையாது. பேச்சுரிமை உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்தும் கெட்ட பழக்கம் இல்லை.

அந்தக் கவசங்களைக் கட்டிக்கொண்டு வலைக்கு முன்னால் நிற்பவள் லாரிஸா ஸ்டெஃபன்யுக். பகலில் வீடு வீடாகப் போய்த் தரைக்கு ஓடு பதிப்பவள். நாள் முழுக்க மண்டியிட்டுச் செய்கிற வேலை. முழங்கால்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. இந்தச் சின்ன விஷயத்தை உபகுழு எந்தக் காலத்திலும் பெரிதுபடுத்தியதில்லை.

பருவம் தொடங்குமுன் 'அழகியல் அமர்வு' நடந்தது. வெள்ளைக் கவசம் போட்டால் கோல்கீப்பர் பெரிதாகத் தெரிவார், எதிரணிக்கு இடைவெளி கண்ணில் படாது என்றார் பயிற்சியாளர். ஏர்லுக்கு அது போதவில்லை. இடது கவசத்தில் பாதி, வலது கவசத்தில் பாதி என ஒரு கரடி முகம் வேண்டும், இரண்டு காலும் சேர்ந்தால் கரடி முழுசாக உறும வேண்டும் என்றார். கரடி விடுவதில் அவருக்கு நீண்ட அனுபவம் உண்டு என்பதால் யாரும் மறுக்கவில்லை. கரடியின் தாடைக்குக் கீழே லாஸ்கோ இறுதிச்சடங்கு இல்லத்தின் வாசகம் இடம்பெற்றது: 'எங்கே விழுந்தாலும் நாங்கள் இருக்கிறோம்.'

முதல் ஆட்டம் முடிந்ததும் ஏர்ல் கவலையோடு உடைமாற்றும் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"லாரிஸா, ஒரு சின்ன விஷயம்மா. நீ மண்டி போடுறப்ப கரடி மூஞ்சி ரெண்டாப் பிரியுது."

"ரெண்டு காலு ஏர்ல். ரெண்டாத்தான் பிரியும்."

"போட்டோல பாதி மூக்குதான் விழுது. மண்டி போடாம தடுக்க முடியாதா?"

"முடியும். பக்கத்து ஊர்க்காரிங்ககிட்ட மெதுவா அடிங்கடின்னு நீங்க சொல்லிட்டு வந்தீங்கன்னா."

ஏர்ல் இதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். உண்மையாகவே பரிசீலித்தார்.

அதற்குள் கரடிகள் ஜெயிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் ஓர் அணி வரிசையாக ஜெயிக்கும்போது அதன் உடுப்பை யாரும் துவைக்க மாட்டார்கள், தொட மாட்டார்கள், காற்றில்கூட ஆற விட மாட்டார்கள். துவைத்தால் அதிர்ஷ்டம் சாக்கடையில் போய்விடும். உள்காலுறையை வீட்டில் துவைத்த மனைவியோடு ஒரு மாதம் பேசாமல் இருந்த கணவனை எனக்குத் தெரியும். அவன் விளையாடுபவன்கூட இல்லை, பார்வையாளன். இந்த வீட்டு வழக்கத்தை உபகுழு அதிகாரபூர்வமான 'பராமரிப்புக் கொள்கை'யாக உயர்த்தியது. கவசங்கள் கழகத்தின் சொத்து என்பதால் அவை கழக அறையில் பூட்டப்பட்டன. சாவி ஏர்லின் கழுத்தில் தொங்கியது. ஈரக் கவசத்தைத் தொங்கவிட்டு மின்விசிறி போடுகிற பழைய அநாகரிகம் அன்றோடு ஒழிந்தது.

வாசனையைப் பற்றிச் சில பலவீனமான உள்ளங்கள் புகார் சொன்னார்கள். அணியின் பேருந்து ஓட்டுநர் ஜன்னலைத் திறந்துகொண்டு வண்டி ஓட்டினார், வெளியே உறைபனி.

"அது நாத்தமில்ல, உத்வேகம்," என்றார் ஏர்ல்.

"எங்க இல்லத்துலகூட இவ்வளவு உத்வேகம் வந்ததில்ல," என்றார் டோரதியா அம்மையார், தொழில்ரீதியான மரியாதையோடு.

எதிரணி வீராங்கனைகள் வலைக்கு அருகே வரத் தயங்கினார்கள் என்பதையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரியில் லாரிஸா உபகுழுவின் முன் வந்து நின்றாள். கையில் இடது கவசம். கூட்டத்துக்கென்று ஏர்லே திறந்து எடுத்துத் தந்தது.

"இந்த முட்டி வாரு பாருங்க. வேர்வைல ஊறி ஊறி இத்துப் போச்சு. நூல் நூலா வருது. உள்ள முட்டி வெக்கிற மெத்தையும் அப்பளமா அமுங்கிருச்சு. நான் மண்டி போட்டா ஐஸ்ல போடுற மாதிரிதான் இருக்கு. ஒரு புது வாரு, கொஞ்சம் பஞ்சு. நானே தெச்சுக்கறேன். சாவி மட்டும் குடுங்க."

 ஏர்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வாரோடதான நாம ஜெயிச்சுக்கிட்டிருக்கோம்?"

"நாம இல்ல. நான். வலையில நிக்கிறது நானு."

"அதத்தான் சொல்றேன். ஜெயிக்கிற வார எதுக்கு மாத்தணும்?"

"இது அறுந்தா பேடு சுத்திக்கும் ஏர்ல். முட்டி நேரா ஐஸ்ல போயி இடிக்கும். முட்டி போச்சுன்னா எனக்குப் பொழப்பு போச்சு. நின்னுக்கிட்டே ஓடு பதிக்க முடியுமா?"

"நெகட்டிவாப் பேசாத லாரிஸா."

ஓட்டெடுப்பு நடந்தது. பயிற்சியாளரும் பல் மருத்துவரும் வாரை மாற்றலாம் என்றார்கள். தலைவரும் டோரதியா அம்மையாரும் கூடாது என்றார்கள். இரண்டுக்கு இரண்டு. கோல்கீப்பரின் இரு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஹாக்கியில் ஐந்தாம் ஓட்டை என்பார்கள். சமநிலை வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்பது எங்கள் விதி. ஆக, எங்கள் கோல்கீப்பரின் காலில் ஐந்தாம் ஓட்டைப் போட்டவர் ஏர்ல். நடுவில் ஒற்று வருமா வராதா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

லாரிஸா அணியிலிருந்து விலகிக்கொள்வாள் என்று பயிற்சியாளர் பயந்தார். மாற்றுக் கோல்கீப்பர் பிரசவத்துக்காக மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்குப் போயிருந்தாள். லாரிஸா விலகவில்லை. "நான் இல்லேன்னா எவ நிப்பா? டோரதியாவா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ஆட்டத்தில், கவசத்தைக் கையில் கொடுத்த சில நிமிடங்களுக்குள், இற்றுப்போன வாருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேட் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அன்றும் ஜெயித்தாள். கவசத்தைத் திரும்பப் பூட்டும்போது யாரும் அந்தக் கயிற்றைக் கவனிக்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று காலையில் ஏர்ல் கவனித்தார். தலைவர் என்றால் கழுகுக் கண் வேண்டும். வார் இற்றுப்போனது அவர் கண்ணில் படவில்லை, கயிறு பட்டது. தன் கையாலேயே அதை அறுத்தெடுத்து, கரடியின் மூக்கையும் ஒருமுறை துடைத்துவிட்டார். ஆட்டம் தொடங்க மணி அடிக்கப்போகும் நேரத்தில்தான் கவசம் லாரிஸாவின் கைக்கு வந்தது, கட்டிக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

"கயிறு எங்க?"

"அது முதல் ஆட்டத்துல இல்லம்மா," என்றார் ஏர்ல் கனிவோடு. "வெளிப்பொருள்."

அவள் அவரை என்னவென்று திட்டினாள் என்பதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அவள் வீட்டில் பேசும் உக்ரேனிய மொழி அதற்கு மிகவும் வளமானது என்று மட்டும் சொல்லலாம். திட்டிவிட்டு வலைக்குப் போனாள். அரங்கில் ஊரே இருந்தது.

மூன்றாம் பகுதியின் கடைசியில் நாங்கள் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். எதிரணிக்காரி ஒருத்தி தனியாகப் புகுந்து ரப்பர் வட்டைத் தாழ்வாக அடித்தாள். லாரிஸா மண்டி போட்டாள். வார் அறுந்தது. கவசம் காலைச் சுற்றித் திரும்பிக்கொண்டது, முழங்கால் வெறும் ஐஸில் இடித்தது. அந்தச் சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டது. திரும்பிக்கொண்ட கவசத்தில், கரடியின் சரிபாதி மூக்கில் வட்டு பட்டு வெளியே தெறித்தது. கோப்பை எங்களுடையது. எல்லோரும் குதித்தார்கள். லாரிஸா எழுந்திருக்கவில்லை. 

முட்டிச்சில் இரண்டாகப் பிளந்துவிட்டது. கரடியைப் போலவே, நடுவில். தகடு வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், மாடிகூட ஏறலாம், இனிமேல் மண்டியிட மட்டும் கூடாது என்றார் டாக்டர். ஓடு பதிக்கும் கரணையையும் மட்டக்கோலையும் அவள் தன் தங்கை புருஷனிடம் கொடுத்துவிட்டாள்.

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் வெற்றி விருந்து நடந்தது. பெரோகி என்னும் கொழுக்கட்டையும் புளித்த பாலேடும் மலையாகக் குவிந்திருக்க, ஏர்ல் பேசினார். அப்படியொரு தர்க்கத்தை நான் கேட்டதில்லை.

"வாரு அறுந்துச்சு. அறுந்ததால பேடு திரும்புச்சு. திரும்புனதாலதான் வட்ட தடுத்துச்சு. அன்னிக்கு மட்டும் நாம அந்த வார மாத்தியிருந்தோம்னா? தோத்திருப்போம்! உபகுழு முன்கூட்டியே யோசிச்சது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பல் மருத்துவர்கூடத் தட்டினார். பயிற்சியாளர் தட்டவில்லை. அவர் கையில் பெரோகி இருந்தது.

வசந்தத்தில் அரங்கின் நுழைவாயிலில் ஒரு கண்ணாடிப் பேழை நிறுவப்பட்டது. உள்ளே கவசங்கள், பளபளவென்று. வாசனை சுத்தமாகப் போயிருந்தது. கரடி முகம் பிரியாதபடி இரண்டையும் சேர்த்து நிறுத்தி, கீழே உபகுழு உறுப்பினர்களின் பெயர்களைப் பித்தளையில் பொறித்திருந்தோம். கோல்கீப்பரின் பெயருக்கு இடம் போதவில்லை. ஏர்ல் நாடாவை வெட்டினார். லாரிஸா ஊன்றுகோலோடு வந்து பேழைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

"இது புது வாருல்ல?"

"பாத்தியா, கண்டுபிடிச்சுட்ட!" ஏர்லின் முகம் மலர்ந்தது. "சொல்லி வரவழைச்ச தோலு. உள்ள மெத்தையும் புதுசு. மின்விசிறிகூட வெச்சிருக்கு. ஈரம் அண்டாது."

"இப்ப எதுக்கு?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? நாலு பேரு வந்து பாக்குற பொருளு. அறுந்த வாரோட வெச்சா ஊருக்கு அசிங்கமில்லையா?"

அவள் ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு, ஒரு படி ஒரு படியாக வாசலில் இறங்கிப் போனாள். ஆனால் ஒன்று. டன்ஃபீல்ட் உபகுழுவுக்குப் பராமரிக்கத் தெரியாது என்று இனி எவனும் வாயைத் திறக்க முடியாது. எங்களுக்கு நன்றாகவே தெரியும். உள்ளே யாருடைய காலும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.