காம்பவுண்டிலேயே பெரிய வீடு

மதுரை, 1938, பங்குனி.

பேரையூரில் இருக்கும் மாமா சிவனாண்டி அவர்கள் சமூகத்துக்கு, மில் தொழிலாளி மருமகன் முத்திருளன் வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் மகள் செல்லத்தாய், செவ்வாய்க்கிழமை பிறந்த தங்கள் பேத்தி மூவரும் சௌக்கியம். அவ்விடம் அத்தையும் ஆடு மாடுகளும் சௌக்கியமாக இருக்க மீனாட்சி அருள்வாளாக.

"பட்டணத்துப் பொந்துக்குள்ள எம் மகளை அடைச்சிராதீக மாப்ள" என்று கல்யாணப் பந்தலில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். பொந்து இல்லை மாமா, எட்டடிக்கு ஏழடி, ஓட்டுக் கூரை, தனிக் கதவு. பதினோரு குடித்தனக் காம்பவுண்டில் இப்படித் தனிக் கதவு உள்ளவர்கள் நாலே பேர்தான்.

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போகத் தாங்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முன்னே செவ்வாய் காலையில் தங்கள் சீர்க் கட்டில் வண்டியில் வந்து இறங்கிற்று. எம்புட்டுப் பெரிய கட்டில்! காம்பவுண்டே கூடிப் பார்த்தது. படுக்கவைக்க இடம் தோதுப்படாததால், அதை உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் நிறுத்திச் சாய்த்துவிட்டு, நானும் பக்கத்து வீட்டுச் சோணைமுத்தும் வெளியே வந்து மூச்சு வாங்கினோம். அந்நேரம் கட்டில் சறுக்கித் தடாலென்று விழுந்து, கதவுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே இறுகிக்கொண்டது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. நாலு விரல்கடைக்கு மேல் அசையவில்லை. அடுப்பு மூலையில் நின்ற செல்லத்தாய்க்கு அடிபடவில்லை, ஆனால் பயத்திலேயே வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி ஒச்சாயி ஓடி வந்தாள். "நான் புள்ளைக்குப் பிரசவம் பாக்கவா, கதவுக்குப் பாக்கவா?" என்று கத்தினாள். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை மாமா, கதவு இடுக்கு வழியா செல்லத்தாய் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். அப்போது சோணைமுத்து, "தள்ளுங்கண்ணே!" என்று தன் வீட்டுக்குள் ஓடி, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்பைக் கடப்பாரையால் பெயர்த்தெறிந்தார். ஒச்சாயி அந்த வழியாக நுழைந்தாள். ஒரு வீட்டில் வெந்நீர், ஒரு வீட்டில் பழஞ்சேலை, ஒரு வீட்டில் சுக்கு என்று பதினோரு வீடும் ஓடி வந்தது. பிள்ளை முதல் சத்தம் போட்டதும் பதினோரு வீட்டுப் பெண்களும் குலவையிட்டார்கள். எந்த ஜமீன் அரண்மனையில் அப்படி நடக்கும்?

இப்போது தடுப்பு இல்லாததால் எங்கள் வீடு பதினாறடி நீளம். காம்பவுண்டிலேயே பெரிய வீடு தங்கள் மருமகனுடையதுதான். ஆகையால் பெயர் சூட்டும் வைபவத்துக்குப் பங்காளிகள் இருபது பேரோடும் தாங்கள் இங்கேயே வந்து தங்கவேண்டும். தாராளமாக இடம் இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். சிறியவர்களுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
முத்திருளன்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தைச் செல்லத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். "இருபது பேரை எங்க, ஓட்டு மேலயா உக்கார வைப்பீக?" என்று கேட்கிறாள். எனவே யாரும் புறப்பட வேண்டாம். தீட்டுக் கழிந்ததும் நாங்களே பேரையூருக்கு வாரோம், வண்டி அனுப்பவும். பெரிய வண்டியாக இருக்கட்டும். தடுப்பு அடித்து முடியும்வரை சோணைமுத்து வீட்டார் ஐந்து பேரும் கூட வாராங்க.