இடது காவிரி, வலது போர்வெல்

இனி ஒரு முடிகூட உதிரக்கூடாது என்று பத்ரிநாத் முடிவெடுத்தார். தலையில் இருந்ததைவிடச் சீப்பில் இருந்தது அதிகம் என்பதால், முடிவு கொஞ்சம் தாமதம்தான்.

குற்றவாளி போர்வெல் தண்ணீர். ஜீவனஹள்ளி வீட்டு மொட்டை மாடியில் இரண்டு டேங்க். குழாயில் வரும் காவிரி சமையலுக்கு, போர்வெல் குளியலுக்கு. மனைவி நிருபமா போட்ட சட்டம், மேல்முறையீடு கிடையாது.

"ஒரு பக்கெட் காவிரி குடேன். தலைக்கு மட்டும்."

"முடியாது."

"முடி ஏதுன்னு நீயே கேக்கறே. அதுக்குத்தான் கேக்கறேன்."

பத்ரிநாத் வால்வு கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர். நிருபமா பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, மாடியில் ஒரு மூன்று வழி பால் வால்வை மாட்டவைத்தார். உள்ளே ஓர் உருண்டை. அதில் ஆங்கில 'எல்' போல வளைந்த துளை. ஒரு வாய் எப்போதும் கீழே குளியலறைக் குழாயைப் பார்க்கும். மறு வாய் கைப்பிடி காட்டும் பக்கம் திரும்பும். இடது காவிரி, வலது போர்வெல். நிருபமா கேட்டதற்கு, "பழசு லீக் ஆச்சு" என்றார்.

தினமும் துணி காயப்போடும் சாக்கில் மாடி ஏறுவார். இடது. குளியல். மறுபடி ஏறி வலது. சோப்பு நுரைப்பதே தனி அழகாகத் தோன்றியது. அடுத்துக் குளிக்கும் நிருபமாவை நினைத்தால் பாவமாக இருக்கும். ஆனாலும் தலை போகிற விஷயமாயிற்றே.

ஒரு நாள் பக்கத்து வீட்டு க்ளென் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேன், தலை கறுப்பா தெரியுது. விக்கா?"

பத்ரிநாத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "சொந்த முடி, க்ளென். எல்லாம் தண்ணி மகிமை. அடிச்சு சொல்வேன்."

"எந்தத் தண்ணி, ஏன்னா?" பின்னால் நிருபமா, ஈரக் கூந்தலைத் துவட்டியபடி.

மாட்டிக்கொண்டாயிற்று. "காவிரிதான். அந்த வால்வே அதுக்குத்தான் போட்டேன்."

"தெரியுமே. 'ஒரு நட்டு கழட்டினா கைப்பிடி கையோட வந்துடும்'னு சாப்பிடறச்சே பாடம் எடுத்தது யாரு? ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கே கழட்டி, எதிர்ப் பக்கம் பாக்கறாப்ல மாட்டிட்டேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட்."

பத்ரிநாத் மனதுக்குள் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். அப்படியானால் இடது போர்வெல். வலது...

"அப்போ நான் குளிச்சுட்டு வந்து வலது பக்கம் திருப்பினதெல்லாம்?"

"எனக்குக் காவிரி. உங்களுக்குத்தான் போர்வெல்லே நன்னா ஒத்துக்கறதே" என்று நிருபமா கூந்தலை உதறி முடிந்துகொண்டாள். "நாளைக்கும் மறக்காம திருப்பிட்டு வாங்கோ."