நாற்பது பவுண்டு சைக்கிள்

சாம்பல் புதனன்று, நெற்றியில் இட்ட சாம்பல் உதிர்வதற்குள், என் வீட்டுக்காரர் நார்பெர்ட் ஒரு சபதம் செய்தார். தவக்காலம் முடியும்வரை சைக்கிள் வாங்குவதில்லையாம்.

ஊரில் மற்றவர்கள் சாக்லேட்டை விடுவார்கள். துணிந்தவர்கள் பீரை விடுவார்கள். பீரில் ஊறிய எங்கள் ஊர் ஷெபாய்கனில் பீரை விடுவது உயிரை விடுவதற்கு அடுத்த படி. நார்பெர்ட் விட்டது அதைவிடப் பெரியது. எங்கள் கராஜில் எட்டு சைக்கிள்கள் குடியிருக்கின்றன. எல்லாம் சிகாகோக்காரர்கள் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்த, எடை குறைந்த ரகம். அவற்றுக்குக் கூரை உண்டு, ஹீட்டர் உண்டு. என் கார் வெளியே பனியில் நிற்கிறது. தினமும் காலையில் அதைச் சுரண்டிக் கண்டுபிடித்துத்தான் நான் கடைக்குப் போகவேண்டும்.

சபதத்தை வீட்டோடு நிறுத்தியிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கோயில் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. முதல் வாரமே அங்கே ஃபாதர் கில்லிஸ், பக்கத்து வீட்டு வெர்ன், இன்னும் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று, ஈஸ்டருக்குள் தனக்கென்று ஒரே ஒரு சைக்கிள் வாங்கினாலும் எட்டையும் வெளியேற்றிவிட்டு கராஜை கோலெட்டுக்குக் கொடுத்துவிடுவதாக அறிவித்தார். கோலெட் நான்தான். நான் சாஸ் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, ஃபாதரிடம், கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா என்றேன். அவ்வளவுதான்.

மூன்றாவது சனிக்கிழமை, பக்கத்து ஊரில் பழைய சைக்கிள் சந்தை. பார்க்க மட்டும் போகிறேன் என்று கிளம்பினார். குடிகாரர் சாராயக் கடைக்குள் ஒதுங்கி நிற்க மட்டும் போகிறேன் என்பது மாதிரி. மதியம் டிரக் வந்து நின்றது. ஒரு கையில் காபிக் கோப்பையோடு இறங்கி, மறு கையால் பின்னாலிருந்து ஒரு பழுப்பு நிறச் சைக்கிளை இறக்கி வைத்தார்.

"என்ன இது?"

"உனக்கு."

"எனக்கா?"

"பரிசு. தனக்குன்னு வாங்கறதுதானே கூடாது? நீ மளிகைக்குப் போய்வரலாம், பாரு."

"என்ன ரகம்?"

"சும்மா சாதா ரகம்தான். ஊர்ல கராஜுக்கு ஒண்ணு கிடக்கும். நாப்பது பவுண்டு கனம், வெறும் இரும்பு."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பொய் சொன்னால் அவருக்கு உடனே குளிக்கவேண்டும்.

என்னைக் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் வளர்த்த சிஸ்டர்கள் பொய் சொல்கிற பெண்ணை அதட்டமாட்டார்கள். அப்படியா, மேலே சொல் என்பார்கள். ஆகவே நானும் அதட்டவில்லை. துணியை எடுத்துக்கொண்டு சைக்கிளிடம் போனேன்.

இருபத்திரண்டு வருஷமாக இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கோடு சேர்த்து எனக்குச் சைக்கிளும் பரிமாறப்படுகிறது. நான் கேட்பதில்லை என்று அவர் நினைப்பு. காதுக்கு மூடி ஏது? சாதா ரகமும் கைவேலை ரகமும் ஒரே தொழிற்சாலை, ஒரே பெயின்ட், ஒரே சாயல். தூரத்தில் இரட்டைப் பிள்ளைகள். கிட்டே போனால்தான் குலம் தெரியும். சாதா ரகத்துக்கு ஸ்டாண்டு சட்டத்தோடு ஒட்டிப் பிறந்திருக்கும். இதற்கு ஸ்டாண்டே இல்லை. சாதா ரகத்தில் இரண்டு பெடலையும் தாங்குவது வளைத்த ஒற்றை இரும்புத் தண்டு. இதிலோ அலுமினியக் கைகள் தனித்தனி, நடுவில் போல்ட், போல்ட்டின் மேல் குட்டி மூடி. இரண்டு பக்கமும் மூடி இருந்தது. ஐம்பது வருஷம் ஒரு மூடி தொலையாமல் இருப்பது என் சமையலறையில் நடக்காத அற்புதம்.

முன்னால் பொறித்திருந்த இரண்டு எழுத்தைத் துடைத்துப் படித்தேன். ஒன்று மாதத்துக்குக் குறி, ஒன்று வருஷத்துக்கு; அந்தக் கணக்கும் சாப்பாட்டு மேஜையில் மனப்பாடம் ஆனதுதான். எழுபத்தொன்று, மார்ச். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பில் அதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. அதாவது இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை, நடுவில் யாரும் மாற்றிவைக்கவில்லை. தோல் சீட் அப்படியே, யாரோ ஒருவரின் பின்புறத்தை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு.

கடைசியாகக் குழாயும் குழாயும் சேருமிடத்தில் விரலை வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை. யாரோ பித்தளையை உருக்கிப் பொறுமையாக ஊட்டி, அரத்தால் ராவி ராவி, கேக்கின்மேல் கிரீமை வழித்துவிட்ட மாதிரி வழவழப்பாக்கியிருக்கிறார். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அத்தனையும் செய்து, மேலே பெயின்ட் அடித்து மறைத்தும் விட்டார். இவ்வளவு வேலை செய்துவிட்டு வாயைத் திறக்காத ஆண்பிள்ளை ஒருவன் சிகாகோவில் இருந்திருக்கிறான். எங்கள் வீட்டில் ஒரு பல்பு மாற்றினால் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேச்சு.

எனக்கு அந்தச் சைக்கிளைப் பிடித்துவிட்டது. கராஜும் வேண்டும், இதுவும் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன்.

"நார்ப், உன் பரிசு பிரமாதம். முன்னாடி ஒரு கூடை மாட்டப்போறேன்."

"கூடையா? ஹேண்டில்பார்ல கீறல் விழுமே."

"சாதா இரும்புதானே?"

"ஆமா... இரும்புதான்."

"அந்தத் தோல் சீட்டைக் கழட்டிட்டு மெத்துன்னு ஒண்ணு போடணும்."

"கழட்டினதை என்ன பண்ணுவே?"

"குப்பையில போடுவேன். ஏன், உனக்கு வேணுமா?"

அவருடைய முள்கரண்டியிலிருந்து உருளைக்கிழங்கு நழுவியது.

"ஸ்டாண்டுக்கு வெர்ன்கிட்ட சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை கூடத்துக்கே கொண்டுவரச் சொன்னான். இறுக்கி முறுக்கி மாட்டித் தரானாம்."

"ஸ்டாண்டு எதுக்கு? சுவத்துல சாத்தினா போதாதா? சாத்தி வைக்கிறதுதான் சைக்கிளுக்கு நல்லது."

"கடைவாசல்ல சுவரைத் தேடிட்டு நிப்பேனா?"

மெல்லிய குழாயில் ஸ்டாண்டை இறுக்கினால் குழாய் நசுங்கிப்போகும் என்று எனக்குச் சொன்னதே அவர்தான், எத்தனையோ இரவுகள். இப்போது அதை வாயைத் திறந்து சொல்லமுடியவில்லை. அந்த வாரம் வழக்கத்துக்கு மேல் ஐந்து தடவை குளித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடத்தில் இனிப்புத் தட்டுகள் வைத்த மேஜையோரம் சைக்கிளைச் சாத்தினேன். வெர்ன் ஒரு அட்டைப்பெட்டியும் முழங்கை நீள ஸ்பேனரும் கொண்டுவந்தான். ஃபாதரிடம், கொஞ்சம் பிடிச்சுக்கோங்க என்றான். ஃபாதர் துடைத்துக்கொண்ட கையால் பிடித்தார். வெர்ன் குனிந்தான். ஸ்பேனர் பின்சட்டத்தைத் தொடப் போனது.

நார்பெர்ட் எழுந்துவிட்டார்.

"வெர்ன், ஸ்பேனரைக் கீழே வை. அது சாதா ரகம் இல்ல. கையால பத்தவச்சது. அந்தக் குழாய் முட்டை ஓடு மாதிரி, நசுங்கினா நசுங்கினதுதான். அதுல ஒரு மூடிகூட மாறல. இத்தனை வருஷமா இதுக்குத்தான் அலைஞ்சேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்குன்னுதான் வாங்கினேன்."

ஃபாதர் சைக்கிளை விடாமல் என் பக்கம் திரும்பினார்.

"உன் கார் என்ன அகலம், கோலெட்?"

வெர்ன் காலிப் பெட்டியைத் திறந்து மேஜையில் மிச்சமிருந்த மீனை அதற்குள் அடுக்க ஆரம்பித்தான். அதில் ஸ்டாண்டு இல்லை. நானும் வெர்னும் பேசிவைத்த நாளிலிருந்தே இருந்ததில்லை. அந்தக் குழாயை நசுக்க நான் விட்டுவிடுவேனா?

மறுநாள் எட்டு சைக்கிள்களும் அடித்தள அறைக்கு இறங்கின. என் கார் உள்ளே போனது. ஒன்பதாவதைப் பற்றி ஒரு வார்த்தை தயங்கிக் கேட்டுப் பார்த்தார். கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்கிறவரை எங்கள் வீட்டில் பார்த்ததில்லை என்றேன். அது இப்போது சாப்பாட்டு அறை ஜன்னலோரம் நிற்கிறது, கூடை இல்லாமல், தோல் சீட்டோடு. ஞாயிறு மதியம் துடைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு.

முதல் ஞாயிறு துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஹப்புல தேதியைப் பாத்துதானே கண்டுபிடிச்சே?"

"இல்ல."

"அப்போ ஜாயின்ட்டைத் தடவிப் பாத்திருக்கே."

"அதெல்லாம் அப்புறம்."

"பின்ன எப்போதான் தெரிஞ்சுது?"

"நாப்பது பவுண்டு சைக்கிளை ஒத்தக் கையால இறக்கினே, நார்ப். இன்னொரு கையில காபி. ஒரு சொட்டு சிந்தல."